முன்சக்கரங்கள்

ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும் என்று
சொல்லிவிட்டுப் போய்விட்டது பழமொழி.
எந்த வண்டி, எவ்வளவு கனம்,
கொக்கியில் மாட்டும் குண்டுக்கு என்ன அளவு
என்பதையெல்லாம் சொல்லவில்லை.

லொரெய்ன் பெல்டோலாவுடையது
ஏழு பேர் உட்காரும் மினிவேன்.
பக்கக் கதவு பாதியில் நின்றுவிடும்.
இருக்கை இடுக்கெல்லாம் போன வருடத்து பிஸ்கட் தூள்.
இழுப்பதெல்லாம் முன்சக்கரங்கள்.
பின்சக்கரங்கள்
கல்யாணத்துக்கு வந்த தூரத்து உறவு மாதிரி
சும்மா கூடவே உருளும்.

படகு பதினான்கு அடி, அலுமினியம்.
இறந்துபோன ஒருவரின் கராஜிலிருந்து
அறுநூறு டாலருக்கு எடுத்தது.
துடுப்பு இலவசம்.
ஒன்றுதான் இருந்தது.

மிச்சிகனின் வடக்கு விளிம்பில்
ஜூலைச் சூரியனுக்கு வீடு திரும்பும் எண்ணமே இல்லை.
முதியோர் இல்லத்து வேலை முடிந்து
நீலச் சீருடையோடே வந்திருந்தாள்.
மகன் வேட் பின்னால் நின்று கைகாட்ட,
அவள் இடது ஒடித்தால் ட்ரெய்லர் வலது,
வலது ஒடித்தால் இடது.
நான்காம் முறை
தற்செயலாக நேராக நின்றது,
உடனே ஏரியில் இறக்கினாள்.

இரண்டு மணி நேரம்.
மூன்று பெர்ச் மீன், அதில் ஒன்று சின்னது, விட்டுவிட்டார்கள்.
கணுக்கால்வரை தண்ணீர் ஏறியபோது
அலை தெறித்தது என்றாள் அவள்.
அலையே இல்லையே என்றான் அவன்.
அதற்குமேல் இருவரும் பேசவில்லை,
காபி டம்ளரால் மொண்டு மொண்டு ஊற்றினார்கள்
கரைவரை.

சரிவில் பாசி.
காலையிலிருந்து ஏறிய படகுகளெல்லாம் சொட்டவிட்டுப் போன ஈரம்.
ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள்.
முன்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன,
ரப்பர் கருகும் வாசனை,
வேன் ஒரு சாண் பின்வாங்கியது.

வரிசையில் அடுத்து நின்ற கென்ட் ஸ்ட்ரோம்
தன் பிக்கப்பிலிருந்து இறங்கி வந்தான்.
"இது பிள்ளைகளைப் பள்ளியில் விடும் வண்டி."
"பள்ளிக்கு லீவு," என்றாள்.
"நான் இழுத்துத் தரட்டுமா?"
"வேண்டாம். ஏறும்."
ஏறவில்லை.

அப்புறம் யார் சொன்னார்கள் என்று தெரியாது.
ஸ்ட்ரோம் பானட் மேல் ஏறி உட்கார்ந்தான்,
அவனுடைய முழுத் தொப்பையோடு.
நீச்சலுடையில் இரண்டு பெண்கள்
அவனுக்கு ஆளுக்கொரு பக்கம்.
கண்ணாடிக்கு அப்பால்
மூன்று முதுகுகள் தவிர லொரெய்னுக்கு ஒன்றும் தெரியவில்லை.
டயர் ஒரு முறை வழுக்கியது,
பிறகு கவ்வியது.
நான்கடி.
படகின் பின்புறம் நீரைவிட்டு வெளியே வந்தது.
அங்கேயே மறுபடி நின்றது.

"அம்மா, இது என்ன?"
கோப்பை வைக்கும் குழியிலிருந்து
வேட் எடுத்துக் காட்டினான்.
பித்தளை அடைப்பான், கட்டைவிரல் அளவு.
படகின் பின்பலகையில் இருக்கவேண்டியது.

அவள் நெற்றி ஸ்டியரிங்கில் பட்டு
ஹாரன் அடித்தது.
பானட்டில் இருந்தவர்கள் துள்ளினார்கள்.

உள்ளே விட்ட அதே துளை
இப்போது வெளியே விட்டுக்கொண்டிருந்தது.
கயிறு போல, சாவகாசமாக.
செய்ய ஒன்றுமில்லை.
பின்னால் ஐந்து வண்டி.
யாரோ ஹாரன் அடித்து, யாரோ அடக்கினார்கள்.
ஸ்ட்ரோம் இறங்கவில்லை, எஞ்சின் சூடு
இடுப்பு வலிக்கு நல்லது என்றான்.
அவன் மனைவி முதியோர் இல்லத்தில், எட்டாம் அறையில் இருந்தாளாம், மார்ச் வரை.
"தெரியும்," என்றாள் லொரெய்ன்.
"முடியைச் சீவினால் இடது பக்கம் வகிடு கேட்பாள்."
தண்ணீர் நூலாகி, சொட்டாகி,
சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவே இடைவெளி நீண்டது.

இப்போது அழுத்தாமலே ஏறியது.

திரும்பும் வழியில்
கொக்கியின் பாரத்தில் வேனின் பின்புறம் தாழ்ந்து
மூக்கு தூக்கியிருந்தது.
ஹெட்லைட் ஒளி சாலையில் விழாமல்
பைன் மரங்களின் தலையில் போய் விழுந்தது.
நாற்பது மைல் வேகத்துக்குமேல் போகவில்லை.
சாலை சரியாகத் தெரியவில்லை என்று
அவள் முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது
"ஆந்தை," என்றான் வேட்.
சற்று தூரம் போனதும்,
"இன்னொன்று."