புள்ளி

போசோசெக்கோவைத் தாண்டியதும்
சாலை வளைவதை விட்டுவிடுகிறது.
அளவுகோலை வைத்துக் கோடு இழுத்தவன்
காகிதம் தீரும்வரை இழுத்திருக்கிறான்.

லா மாஞ்சாவில் ஏற்றம் இல்லை,
ஆகவே இறக்கமும் இல்லை.
மலைநாட்டில் மூச்சைக் கடன் கொடுத்தால்
மறுபக்கச் சரிவில் வட்டியோடு வந்துவிடும்.
இங்கே எல்லாம் ரொக்கம்.
மிதித்தால் நகரும்,
விட்டால் நிற்கும்.

இருபுறமும் திராட்சை.
பந்தல் தெரியாத திராட்சை.
முழங்கால் உயரம், முறுகிய அடிமரம்,
வெள்ளைக் கற்களுக்கு நடுவே குந்தியிருக்கிறது.
அறுவடை முடிந்து இரண்டு வாரம்.
இலைகள் துருவின் நிறத்துக்கு வந்துவிட்டன,
என் சைக்கிளின் மட்கார்டைப் போல.

காலையிலிருந்து ஒரே ஒரு வண்டி,
ரொட்டிக்காரரின் வேன்.
அது போன பிறகும் வெகுநேரம்
சாலை மணத்துக்கொண்டிருந்தது.
அப்புறம் சத்தம் என்று பார்த்தால்
அன்செல்மோவின் சங்கிலியில் ஒரு கண்ணி,
சுற்றுக்கு ஒருமுறை, டிக்.
எண்ணெய் விடு என்று மார்ச்சில் சொன்னேன்.
நாளைக்கு என்றான்.
அந்த நாளை இன்னும்
பத்து மீட்டர் முன்னால் போய்க்கொண்டிருக்கிறது.

ஒரு வாதுமை மரம்.
நெடுந்தூரம் கழித்து மூடி போட்ட ஒரு கிணறு.
பார்க்க இருந்தவை அவ்வளவே.

பிறகு தொலைவில், சாலையோரம், ஒரு புள்ளி.
"கார்" என்றான்.
"டிராக்டர்" என்றேன்.
மிதித்தோம். புள்ளி புள்ளியாகவே இருந்தது.
ஒரு கிலோமீட்டர் கல் போயிற்று.
"கம்பம்."
"கழுதை."
"இப்போது யாரிடம் இருக்கிறது கழுதை?"
அதற்கும் மேல் பேச எங்களிடம் இல்லை.
மிதித்தோம்.
புள்ளிக்குத் தொப்பி முளைத்தது.
அப்புறம் ஒரு கை.
கையில் சிவப்பு வாளி.

ஒப்துலியா என்றாள், கேட்காமலே.
எங்கள் வயதுதான் இருக்கும்.
வெட்டுக்காரர்கள் விட்டுப்போன கொத்துகளைக்
காடி ஊற்றப் பொறுக்குகிறாளாம்.
"தகரக் கொட்டகை தாண்டும்போதே பார்த்துவிட்டேன்.
நீங்கள் வந்து சேர்வதற்குள்
இரண்டு வரிசை முடித்தாயிற்று."
சிரித்துக்கொண்டே வாளியைக் கீழே வைத்தாள்.
"ஆமாம், வாதுமை மரத்தடியில் என்ன சண்டை?"

சண்டையா?

"அங்கே வைத்துத்தானே பிரிந்தீர்கள்.
நடுவில் வெளிச்சம் அகன்றுகொண்டே வந்தது.
கிணற்றுப் பக்கம் மறுபடியும்
ஒரே புள்ளி ஆனீர்கள்."

நான் அன்செல்மோவைப் பார்த்தேன்.
அன்செல்மோ தன் பிரேக்கைப் பார்த்தான்.

வாதுமை மரத்தடியில் நான் நினைத்தது எனக்குத் தெரியும்.
வலென்சியாவில் ஒரு வேலை.
ஒன்பது நாளாகப் பையின் அடியில்
மடித்தபடி இருக்கிறது கடிதம்.
நினைப்பு கால் வழியாக இறங்குமென்று
தெரிந்திருக்கவில்லை.
கிணற்றருகே அவன் நின்று
காலணிக் கயிற்றைக் கட்டினான்.
அது அவிழ்ந்தே இருக்கவில்லை என்பது
இப்போதுதான் உறைக்கிறது.

ஒப்துலியா ஒரு கொத்தை நீட்டினாள்.
வெயிலில் சுண்டி,
உள்ளங்கைச் சூட்டில் இருந்தது.
விதையைக் கடித்துவிடாதீர்கள், கசக்கும் என்றாள்.
கடித்தேன்.

யாரும் வராத சாலையில்
இருவர் அருகருகே போகலாம்.
போனோம்,
கைப்பிடிகள் இடித்துக்கொள்ளாத தூரத்தில்.
திரும்பிப் பார்த்தேன்.
தொப்பி போய், கை போய்,
வாளியின் சிவப்பும் போய்விட்டது.
குனிந்து பொறுக்குகிறாளா,
நிமிர்ந்து எங்களைப் பார்க்கிறாளா,
ஒரு புள்ளியிடம் கேட்க முடியாது.

"வலென்சியா" என்றேன்.

அவன் மிதிப்பதை நிறுத்தினான்.
டிக் நின்றது.
சக்கரங்கள் கொஞ்சதூரம் தாமாகவே உருண்டன,
சமதரை தருகிற அளவுக்கு.