செக்கிங்

பரேல் ஆஸ்பத்திரியில்
பதினேழாம் எண் அறை.
மராத்தி டாக்டருக்கும்
தாராவி, ஆண்டாப் ஹில், மான்கூர்டிலிருந்து வருகிறவர்களுக்கும் நடுவே
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் நான்.
கேள்விகளைத் தமிழாக்குவது என் வேலை.

புகையிலை போடுவீங்களா? இல்லை.
பீடி?
என்னங்க கேள்வி இது.
மிஷ்ரி வைத்துப் பல் தேய்ப்பது?
உப்பு. எப்பவும் உப்புதான்.
குடும்பத்தில் யாருக்காவது?
எங்கம்மாவுக்கு எண்பத்திரண்டு. இன்னும் கோழி விரட்டுறா.

ஒவ்வோர் இல்லைக்கும் ஒரு சின்னக் கட்டம்.
டிக் அடித்துக்கொண்டே போனேன்.
மரியபுஷ்பம், ஐம்பத்தொன்று,
நாக்கின் இடது ஓரம்.

கதவருகே சவரிராயன்.
முப்பது வருஷக் குட்கா.
படிக்கட்டு மூலையில் துப்பிவிட்டு வந்து
தரையைப் பார்த்தபடி கேட்டார்:
"எனக்குல்ல வந்திருக்கணும்?"
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.
டாக்டருக்குப் புரிந்துவிட்டது.

அவர் சொல்லச் சொல்ல நான் சொன்னேன்.
செல்கள் ஓயாமல் தம்மைப் பிரதி எடுக்கின்றன.
பிழை விழும். பெரும்பாலும் உடம்பே திருத்திக்கொள்ளும்.
புகையிலை பிழைகளைப் பெருக்கும்.
அது இல்லாமலும் பிழை விழும்.
ஏன் இவருக்கு என்று கேட்டால்...
பேனாவை மூடினார்.
அதற்கு என்ன தமிழ் என்று
நான் தேடிக்கொண்டிருந்தபோது

நாக்கை ஒருபக்கம் ஒதுக்கிக்கொண்டு
அந்தம்மா பேச ஆரம்பித்தது.
"கும்பார்வாடா பக்கம் ஏற்றுமதிக் கம்பெனி.
இருபத்தாறு வருஷம் செக்கிங்.
ஒரே பேட்டர்ன், ஒரே துணி,
நாளைக்கு எழுநூறு சட்டை.
எங்கயோ ஒண்ணுல காலர் கோணிக்கும்.
டெய்லரக் கேட்டா மெஷினக் காட்டுவான்,
மெஷின் ரிப்பேர்க்காரன் நூலக் காட்டுவான்.
நான் பிடிச்சு ஓரமாப் போட்டுருவேன்.
சாயந்திரம் கண்ணு எரியுறப்ப
ஒண்ணு தப்பிப் போயிரும்.
எந்தப் பெட்டியில போச்சு, எவன் போட்டான்,
யாரு கண்டா.
எனக்குள்ளயும் ஒருத்தி உக்காந்திருப்பா போல.
பாவம்.
கண்ணு எரிஞ்சிருக்கும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். என்ன சொல்கிறார்?
"சட்டைகளைப் பற்றி" என்றேன்.
பிறகு வெட்கமாகிவிட்டது.
முதலிலிருந்து சொன்னேன்,
கோணிய காலருக்கு மராத்தி தெரியாமல்
என் கழுத்தைத் தொட்டுக் காட்டி.

வெளியே நல்ல மழை.
ஹிந்துமாதாவில் முழங்கால் தண்ணீர் என்றார்கள்.
சவரிராயன் ஃபைலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.
அவள் அவர் காலரை நிமிர்த்தி,
தொங்கிய நூலொன்றைக் கிள்ளி எறிந்துவிட்டு
தண்ணீரில் இறங்கினாள்.

ஏழு இருபது லோக்கல்.
மூன்று பேர் இருக்கையில்
நாலாவதாக ஒடுங்கிக்கொண்டேன்.
யாரோ சிரித்தார்கள், யாரோ வேர்க்கடலை நீட்டினார்கள்.
எடுத்துக்கொள்ளும் முன்
வாயை மூடியபடியே
இடது ஓரத்தைப் பல்லில் ஒருமுறை
தேய்த்துப் பார்த்தேன்.