சலவை அறை முறை

வியாழன் என்னுடையது. ஞாயிறு பூட்டு.
செவ்வாய் முழுதும் திருமதி சும்ஸ்டெக்குக்கு.
கீழ்த்தளக் கதவில் தொங்கும் அட்டவணையில்
என் பெயரின் நீளத்துக்கு இடம் போதாமல்
நான்கெழுத்தோடு நிறுத்தியிருக்கிறார்கள்.
வடிகட்டியில் ஒரு நூலிழை தங்கிவிட்டால் போதும்,
அவர் சீட்டு எழுதி ஒட்டுவார்,
முக்கியமான சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு,
முடிவில் ‘நட்பார்ந்த வணக்கத்துடன்’.

பாசலில் ஏழு ஆண்டு. எங்களுக்குள்
நடந்த பேச்சு அவ்வளவும் காகிதத்தில்.

பகலில் எனக்கு வேறு அண்டைவீடுகள்.
ரைனுக்கு அக்கரையில், நான்காம் மாடியில்,
பனிப்பெட்டியில் வந்திறங்கும் வேர்க்கடலையளவு துண்டுகள்.
பெருங்குடலின் கடைசி வளைவு. பெண். அறுபத்தெட்டு.
பெயர் கிடையாது, எண் உண்டு.
நறுக்கி, நொதியில் ஊறவைத்து, சல்லடையில் வடித்து
புற்றை ஒரு குழாயில் சேர்க்கிறேன்.
அதைச் சூழ்ந்திருந்த நார்ச்செல்களை இன்னொன்றில்.

தனியே விட்டால் இந்தப் புற்று சோம்பேறி.
நுண்ணோக்கியில் கடுகாய்த் தெரியும் உருண்டை
பத்தாம் நாளும் கடுகுதான்.
நார்ச்செல்களோடு குடிவைத்தால்
ஐந்தாம் நாளே மிளகு.

நெடுங்காலம் கெட்டுப்போனதை மட்டுமே பார்த்திருந்தோம்.
எந்த எழுத்து பிறழ்ந்தது, எப்போது பிறழ்ந்தது என்று.
பக்கத்தில் நின்றவர்களைப்
படத்தின் ஓரமென்று வெட்டி எறிந்தோம்.

அவர்கள் யாரென்றால்,
காயம் பட்ட இடத்துக்கு ஓடிவந்து
கயிறு திரித்துக் கட்டுபவர்கள்.
புற்று சொல்லியனுப்புகிறது: இங்கே காயம்,
இங்கே இன்னும் காயம்.
வருகிறார்கள். வந்தவர்கள் திரும்புவதில்லை.
சர்க்கரையைத் தாமே உடைத்து
புளித்த மிச்சத்தை, லாக்டேட்டை,
வாசலில் வைக்கிறார்கள்.
புற்று கதவைத் திறந்து எடுத்துக்கொண்டு
உள்ளே போய் அடுப்பெரிக்கிறது.

துரோகிகள் என்பான் மத்தியூ,
எல்லை தாண்டி தினமும் சைக்கிளில் வருபவன்.
எனக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை.
பாத்திரம் அறியாமல் பிச்சையிடுகிறார்கள், அவ்வளவே.
ஆறக்கூடியது எதுவும் அங்கில்லை என்று
அவர்களுக்கு யார் சொல்வது?

மார்ச்சில் லாக்டேட் நுழையும் கதவை
ஒரு மருந்தால் அடைத்தோம்.
இரண்டு நாள் உருண்டைகள் வாடின.
மத்தியூ கேக் வாங்கிவந்தான்.
மூன்றாம் நாள் அதே அண்டைவீட்டார்
வேறு வழியில் குளுட்டமின் நீட்டிக்கொண்டிருந்தார்கள்.
கேக் பாதி மிச்சமிருந்தது.
தின்றோம்.

அந்தச் செவ்வாய் சலவை அறை காலி.
அடுத்ததும்.
அதற்கடுத்த புதன் என் கதவில் ஒரு சீட்டு,
எழுத்து வலப்பக்கம் சரிந்து, கோடே இல்லாமல்:
அறுவை முடிந்தது. வயிற்றில் பை.
துணி அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது.
கூடை தூக்கக் கூடாதாம்.
வியாழனையும் தர இயலுமா?
நட்பார்ந்த வணக்கத்துடன்.

அவர் வயதை நான் கேட்டதேயில்லை.
இனியும் கேட்கப் போவதில்லை.
எண்ணுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பது
கையெழுத்திட்டு நான் கைவிட்ட உரிமை.
ஆனாலும் அன்று தட்டைக் கையிலெடுத்தபோது
வழக்கத்தைவிட மெல்ல வைத்தேன்.
பயனில்லாத மென்மை.
உருண்டைகளுக்கு அது தெரியாது.

கூடையை நான் இறக்கினேன். நான் ஏற்றினேன்.
ஆறு வாரம், வாரம் இருமுறை, நாற்பத்தொரு படி.
கதவு ஒரு சாண் திறக்கும், கை வரும்,
கூடை உள்ளே போகும்.
வடிகட்டியை இருமுறை துடைத்தேன்.

மே மாதம், ஒரு வெள்ளி, இரவு வேலை முடிந்து வந்தால்
என் வாசலில் ஒரு ஜாடி.
ஆப்பிள் கூழ், இன்னும் இளஞ்சூடு.
யார் யாருக்கு எதை வாசலில் வைக்கிறார்கள் என்று
கணக்குப் பார்த்தே பழகிய மூளை
ஒரு நொடி தயங்கியது.
சட்டை கழற்றாமல், நின்றபடியே,
கரண்டியால் பாதி தின்ற பிறகுதான்
மூடியில் ஒட்டிய சீட்டைப் பார்த்தேன்.

ஜாடியைக் கழுவித் திருப்பித் தரவும்.
‘கழுவி’க்குக் கீழே
இரண்டு கோடு.