ஆரஞ்சுச் செங்கல்

பொகோட்டாவில் விடியுமுன்
மூடுபனி ஓடுபாதையை வாயில் போட்டு
மெதுவாக மென்றுகொண்டிருக்கும்.
அது துப்பியதும்
ஆறு விமானத்துக்கான ஆட்கள்
ஒரே நேரத்தில் என்னிடம் வருவார்கள்.

நான் நீடியா துன்ஹானோ.
இரண்டாம் தடத்தில் திரை பார்ப்பவள்.
இருபது நிமிடம் பார்த்தால் கண்ணுக்கு ஓய்வு
என்பது விதி.
ஓய்வு என்றால் தட்டு அடுக்குவது.

என் திரையில் பெட்டிகளுக்குத் தோல் கிடையாது.
உலோகம் நீலம்.
தின்பதும் உடுத்துவதும் ஆரஞ்சு.
இரண்டும் கலந்த எல்லாமே பச்சை.
தேவதூதர் ஒருவர் சிறகைக் கழற்றித் தட்டில் வைத்தாலும்
ஆரஞ்சாகத்தான் விழும்.

அந்த வாரம் எச்சாந்தியா வந்தார்.
மெதெயீன் இழுவைப் பேச்சு,
கழுத்தில் தொங்கும் நிறுத்துகடிகாரம்.
வரிசையில் சராசரி நாற்பத்தோரு நிமிடம்,
அதைப் பாதியாக்கித் தருவதாக ஒப்பந்தம்.
பெல்ட் கழற்றப் பதினொரு நொடி.
பூட்ஸ் என்றால் முப்பது.
தண்ணீரைக் கொட்ட மனமின்றி
அங்கேயே நின்று
பாட்டில் முழுக்கக் குடிப்பவருக்கு ஐம்பத்திரண்டு.
எழுதிக்கொண்டே இருந்தார்.
என் கொட்டாவியையும் எழுதினார்: நான்கு.

"பட்டையை ஏன் அடிக்கடி நிறுத்துகிறாய்?"

நிறுத்தாமல்?
திரையில் ஒரு செங்கல் வருகிறது.
கனத்த, ஓரம் கூர்ந்த, ஆரஞ்சுச் செங்கல்.
அது வெடிக்குமா இனிக்குமா
என்று எந்திரத்துக்குத் தெரியாது.
பையைத் திறந்தால் பிஹாவோ இலை,
இலையைப் பிரித்தால்
கொய்யாப் பாகு. பொக்கடீயோ.
மாட்ரிட்டில் தங்கை கேட்டாளாம்.
டொராண்டோவில் கிடைக்காதாம்.
கிடைத்தாலும் வெலேஸ் ருசி வராதாம்.
ஒரே காலையில் முப்பத்தேழு முறை
இனிப்பைச் சந்தேகித்தேன்,
முப்பத்தேழு முறை
மன்னிப்புக் கேட்டேன்.

அறிக்கை வரட்டும் என்று காத்திராமல்
டைரோ தின்று முடித்த எம்பனாடா டப்பாவைக் கிழித்து
மார்க்கரால் எழுதி ஒட்டினேன்:
கொய்யாப் பாகு இருக்கிறதா?
வெளியே எடுத்துத் தட்டில் வையுங்கள்.
நாங்கள் தின்னமாட்டோம்.
கடைசி வரி டைரோவுடையது.

மறுநாள்
முதலில் ஒரு கன்னியாஸ்திரி எடுத்தார், இரண்டு கட்டி.
அவர் பின்னால் கோட் சூட்காரர்,
கூச்சத்தோடு நான்கு.
பிறகு ஒரு கால்பந்துக் குழு, மொத்தமாக.
தட்டு தட்டாக இலைப் பொட்டலங்கள்
ஊர்வலம் போயின.
முன்பின் அறியாதவர்கள்
எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள்
(எச்சாந்தியா குறித்தார்: எட்டு நொடி).
பட்டை மட்டும் நிற்கவில்லை.

நாற்பத்தொன்று இருபத்தாறாயிற்று.
தட்டுகள் தாமே திரும்பும் உருளைகள் வந்தபின்
ஒன்பது.
அறிக்கையில் உருளைகளுக்கு ஆறு பக்கம்.
என் அட்டைக்கு அடிக்குறிப்பு:
'பயணியர் அறிவிப்பு. செலவு இல்லை.'
அதுவும் சரிதான்,
எம்பனாடாவுக்குக் காசு கொடுத்தவன் டைரோ.

இப்போது ஆட்கள் நழுவிப் போகிறார்கள்,
சட்டைப்பைச் சில்லறைபோல.
போகிற வேகத்தில் மறந்தவை
கடைசி உருளையில் வந்து முட்டி நிற்கும்:
ஒற்றைக் கம்மல்,
ஊன்றுகோல்
(அதை விட்டுவிட்டு எப்படி நடந்தார்?),
ஒரு குழந்தையின் இடதுகால் செருப்பு.
ஒருநாள், ஆளில்லாமல் ஒரு பாகுக் கட்டி.
ஒலிபெருக்கியில் மூன்று முறை அழைத்தோம்.
மாட்ரிட் விமானம் அதற்குள் மேகத்துக்கு மேலே.
உரிமை கோராத உணவை
அழிக்க வேண்டும் என்பது விதி.
நான்கு பேர் சேர்ந்து அழித்தோம்,
ஆளுக்கொரு துண்டு பாலாடைக்கட்டியோடு.
அட்டையின் கடைசி வரி
அன்று பொய்யானது.

நுழைவாயிலில் பச்சை எழுத்துப் பலகை:
காத்திருப்பு 9 நிமிடம்.
அதன் கீழே நின்று
அதிகாரிகள் படம் எடுத்துக்கொண்டார்கள்.

மதியம் இரண்டு மணிக்கு
சீருடைமேல் ரூவானாவைப் போர்த்திக்கொண்டு வெளியே வருகிறேன்.
போசா பேருந்துக்கான வரிசை
நடைபாலம் ஏறி, வளைந்து, மறுபக்கம் இறங்கி
மழைக்குள் நீள்கிறது.
பழக்கதோஷம், எண்ணிவிட்டேன்.
எனக்கு முன்னால் நூற்றுப் பன்னிரண்டு பேர்.
கூரைக்கடியில் ஒருத்தி
ஈரக் குடையை உதறுகிறாள்.
யார் கழுத்திலும்
கடிகாரம் தொங்கவில்லை.