ஐந்தாவது தடவை

மண்டபத்தில், வடகடலைப் பார்த்த ஆய்வுக்கூடத்தில்
தொட்டிக்கு ஒன்றாய்க் கடல் முயல்கள்.
முயல் என்பது அந்தக் காதுக்காகச் சொல்வது.
மற்றபடி பாசி தின்னும் கைப்பிடிச் சதை.

வாலில் மின்சாரம் சுரீரென்றால்
செவுளை உள்ளிழுத்துக்கொள்ளும்.
ஒரு தடவை என்றால் டீ ஆறுவதற்குள் மறந்துவிடும்.
கால்மணிக்கு ஒன்றாக ஐந்து என்றால்
அடுத்த வாரம் தூரிகை நுனி பட்டாலும் சுருங்கும்.
நான் கடிகாரம் பார்க்கிறவன்.
சம்பளம் அதற்குத்தான்.

மரபணுவில் ஓர் எழுத்தும் மாறாது,
எந்தப் பக்கம் திறக்கிறது என்பதே விஷயம்
என்றார் மேடம்.
எனக்குத் தெரிந்ததை வைத்துப் புரிந்துகொண்டேன்:
உயிரணுவின் நடுவே ஒரு மீன்துறை ஆபீஸ்.
டோக்கன் கிழிக்க ஒரு புரதம்.
காத்து சரியில்ல, இன்னிக்கு வேணாம் என்று
கையை மறிக்க இன்னொன்று.
ஒரு தடவை தட்டினால் மறிக்கிறவன் அசைவதில்லை.
விட்டு விட்டுத் தட்டினால்
எழுந்து போய்விடுகிறான்.
அப்புறம் படகெல்லாம் இறங்கும்,
நரம்பு முனையில் புதிதாய் ஒரு கிளை விடும்.
மறக்க முடியவில்லை என்று நாம் சொல்வது
அந்தக் கிளையைத்தான்.

அண்ணன் கஸ்பாரின் படகு திரும்பாத அன்று
பிலோமி அண்ணியிடம்
எல்லாரும் நல்லபடியாகத்தான் கேட்டார்கள்.
விடியும்போது சங்கத்துக்காரர்.
ஏழரைக்கு மீன்துறை.
பத்துக்கு மரைன் போலீஸ்,
"சட்டை என்ன நிறம்மா?"
மதியம் கியூ பிரிவு.
சாயங்காலம் ஒரு மைக்.
ஒவ்வொரு தடவையும் அவள் முதலிலிருந்து தொடங்கினாள்:
"சோத்துச்சட்டிய மறந்துட்டுப் போனாக.
கூப்புட்டேன். இஞ்சின் சத்தத்துல கேக்கல."

பக்கத்தில் நின்ற எனக்குக் கைக்கடிகாரம் கனத்தது.
என்னவென்று சொல்லியிருப்பேன்?
மொத்தமாய் ஒரே மூச்சில் கேட்டுவிடுங்கள் சார் என்றா?

புரதம் உண்டாகாமல் தடுக்கிற மருந்து
எங்கள் குளிர்பெட்டியில் இரண்டாவது தட்டில் இருக்கிறது.
சுரீருக்கு முன்னால் செலுத்தினால்
முயலுக்கு அப்போது வலிக்கும்,
மறுநாள் நினைவிருக்காது.
பிந்திப் போட்டால் பலனில்லை.
அதற்கொரு நேரம் உண்டு.
அது அன்றைக்கே கடந்துபோனது.

நாலு வருஷம் ஆகிறது.
எவன் படகில் இஞ்சின் முடுக்கினாலும்
அவள் கை அடுப்படியில் எதையோ துழாவும்.

போன மாசம் ஆய்வுக்கூடம் பார்க்கணும் என்று வந்தாள்.
தொட்டியோரம் குனிந்தாள். நிழல்தான் பட்டது,
அல்லது முந்தானை நுனி.
முயல் சுருண்டு
தண்ணீரெல்லாம் ஊதாவாகிவிட்டது.
"இத என்ன பண்ணுனீக தம்பி?"

நேரம் பார்த்தேன் அண்ணி,
என்றேன்.