பதினொரு நிமிடம்

வால்பரைசோவில்
குன்றேறும் பெட்டிகளை இழுக்கும் இயந்திர அறை.
கறுப்புத் துணி சுற்றிய ஒயரில் தொங்குகிறது அது.
ஆறிப்போன தேநீரின் நிறம் அதன் ஒளிக்கு.
அதனடியில் செய்தித்தாள் வாசிக்க முடியாது.
செய்தித்தாள் இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான்.

மாட்டியது இருபத்துமூன்றில் என்கிறார் நெலிடா ஓயர்சுன்.
இருபத்தாறு என்கிறது எண்ணெய்க் கறை படிந்த ரசீது.
போன நூற்றாண்டின் சண்டையில் நான் எதற்கு?
என்னிடம் இருப்பது நகராட்சியின் தாள்:
பழைய ஒயர்களை மாற்றுக.

மெயினை இறக்க வேண்டும் என்றேன்.
பலகைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்,
முழங்கை வரை கிரீஸ்.
"பூகம்பத்திலேயே எரிந்தது."
"எந்தப் பூகம்பம்?"
"எல்லாவற்றிலும்."
"கரண்ட் போயிருக்குமே?"
"போனது. வந்ததும் எரிந்தது."
"பிறகென்ன பயம்?"
"அப்போதெல்லாம் அணைத்தது பூமி.
இப்போது நீ."

அது ஏன் எரிகிறது என்று எனக்குத் தெரியும்.
தடித்த கரி இழை, பாதி மின்னழுத்தம்.
தன்னால் முடிந்ததில் கால்வாசிதான் கொடுக்கிறது.
எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் சோம்பல்.
பகலில் நகராட்சி, இரவில் துறைமுகம் என்று
இரண்டு வேலை பார்க்கிறவன் நான்.
மருத்துவர் கொடுத்த தாளில்
என் நெஞ்சு கோடாக ஓடி
ஓரிடத்தில் தடுக்கி விழுகிறது.
மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்,
நகராட்சித் தாளோடு சேர்த்து.

அவரிடம் அதைச் சொல்லவில்லை.
"பதினொரு நிமிடம்" என்று மட்டும் சொன்னேன்.
நெலிடா கைகளைக் கந்தலில் துடைத்தார்,
நகத்திடுக்கு வரைக்கும்,
ஏணியை இழுத்துப் போட்டு ஏறினார்.

அணைத்தேன்.

பாதிக் குன்றில் பெட்டி நின்றது.
உள்ளிருந்த மீன்காரர் விலாங்குகளின் பெயரால்
நகராட்சியை வைதார்.
என் கைவிளக்கு ஒயர்களை மட்டும் பார்த்தது.
தலைக்கு மேலே இருட்டில்
இன்னும் சூடு போகாத கண்ணாடியை
இரு கைகளுக்குள்ளும் அவர் வைத்திருந்தார் என்பது
மூச்சு வந்த உயரத்தில் தெரிந்தது.
அவரும் அணைத்திருந்தார்.

எட்டாம் நிமிடம் ஒரு திருகு கைதவறி
இரும்புத் தரையில் உருண்டு உருண்டு போனது.
இருவரும் எதுவும் பேசவில்லை.

மெயினைத் தூக்கினேன்.
மோட்டார் உறுமியது. பெட்டி குலுங்கியது.
மேலே ஒன்றுமில்லை.
"கையை எடுங்கள், பார்க்கலாம்."
"மாட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து
விரலிடுக்குகள் சிவந்தன.
எலும்பெல்லாம் தெரியவில்லை.
அவ்வளவு வெளிச்சம்
அதற்கு எந்நாளும் இருந்ததில்லை.

கீழே மீன்காரர் மணியடித்துக்கொண்டே இருந்தார்.