தீர்மானம் எண் ஏழு

மே ஒன்று. தடைக்காலம்.
விசைப்படகெல்லாம் கரையோரம் கட்டிக் கிடக்க
ஆம்பளைகள் இத்தனை பேரை ஒரே கூரையடியில்
இந்த ஊராட்சி பார்த்ததில்லை.
புயல் காப்பகத்தின் கூரை.
முதல் ஆறு தீர்மானங்கள், குடிதண்ணீர், தெருவிளக்கு,
எரிந்துபோன மோட்டார்,
கொட்டாவியோடு நிறைவேறின.

ஏழாவதற்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

கரையிலிருந்து ஐந்து கடல்மைலில்
சூதாட்டக் கப்பலொன்று நங்கூரமிடலாமா.
சட்டம் வரப்போகிறதாம்; ஊர் சம்மதித்தால் போதுமாம்.
கம்பெனிக்காரர் திரையில் படம் காட்டினார்.
அதில் எங்கள் கடல்
நாங்கள் ஒருநாளும் காணாத நீலத்தில் இருந்தது.
முந்நூறு வேலை. படகுத்துறை. ஆஸ்பத்திரி வண்டி.
“ஆடுறது வெளியூர்க்காரங்க.
உங்களுக்குச் சம்பளம் மட்டும்.”

நம்புராஜன் எழுந்தார்.
படகை நெடுந்தீவுப் பக்கம் பறிகொடுத்து மூன்று வருடம்.
“டீசல் அம்பதாயிரத்துக்குப் போட்டு எறங்குறோம்.
எறா பட்டா உண்டு, இல்லாட்டி கடன்.
இது சூதில்லாம என்னவாம்?
கப்பல் வரட்டும். எம்மகன் கோட்டு மாட்டித் தட்டு ஏந்தட்டும்.
உசுரோட வீடு வருவான்ல?”
கைதட்டல் பலமாகத்தான் இருந்தது.

சீனி அலி பாவபுண்ணியம் பேசத் தொடங்கினார்.
“மூணு நம்பர் சீட்டு நாளைக்கும் உண்டா மாமா?”
பின்வரிசையில் எவனோ கேட்க
காப்பகமே சிரித்தது. உட்கார்ந்துவிட்டார்.
சிரிப்பைக் குறிப்பேட்டில் எழுதும் வழக்கமில்லை.

பிறகு, பாசி எடுக்கிற பெண்கள் பக்கமிருந்து நம்பு ஈஸ்வரி.
மைக்கை வாங்கவில்லை.
“கடலைச் சூதுன்னு சொல்லாதிய அண்ணே.
இருபத்தெட்டு வருசமா முங்குறேன்.
குடுத்த நாளும் உண்டு, வெறும் பையோட ஏறுன நாளும் உண்டு.
ஆனா நான் தோக்கணும்னு
கடலுக்கு ஒரு ஆசையும் இல்ல.
அந்தக் கப்பலுக்கு அதுதானய்யா தொழிலு.”

கம்பெனிக்காரர் தண்ணீர் குடித்தார்.

“கப்பல் எதுக்கு, பைக்குள்ளயே இருக்கே”
என்றான் ஒரு பையன், கைப்பேசியைத் தூக்கிக் காட்டி.
சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது.
வாசல் பக்கம் பார்த்துவிடாமலிருக்க
எல்லோரும் பாடுபட்டோம்.
வாசலோரம் சூசை மிக்கேல்.
ரம்மி, இரண்டு லட்சத்து நாற்பதாயிரம்,
போன ஐப்பசியில் கல்லறைத் தோட்டம்.
மகன் பெயரை யாரும் சொல்லவில்லை.
நானும் எழுதவில்லை.
ஜெனிஸ்டன்.

கை தூக்கச் சொன்னார் தலைவர்.
எண்ணுவது என் வேலை.
பாசிக்காரிகளின் விரல்களில் துணிச்சுற்று,
பாறை கிழித்த இடமெல்லாம்;
தூரத்திலிருந்து பார்க்க ஒவ்வொன்றும்
ஒன்றரை விரல் போலிருந்தது.
ஆதரவு நூற்றுப் பதினெட்டு.
எதிர்ப்பு நூற்று நாற்பத்து மூன்று.
இரண்டு தரமும் எழுந்த கைகள் ஒன்பதோ பத்தோ.
கண்டும் காணாமல் கூட்டினேன்.
சூசை மிக்கேலின் கைகள் மடியிலேயே கிடந்தன,
இரண்டு தரமும்.

செயலருக்கு வாக்கில்லை.
அன்றைக்கு அது எவ்வளவு சௌகரியம்.
மழைக்கு ஒதுங்கிய ஒரு மாலையில்
“சும்மா ஆடிப் பாரு தம்பி, சேந்தாலே அம்பது ரூவா” என்று
அவன் கைப்பேசியில் அந்தச் செயலியை இறக்கிக் கொடுத்தது
இந்தக் கைதான்.
ஆள் சேர்த்ததற்கு எனக்கும் ஐம்பது வந்தது.

கம்பெனிக்காரர் தீர்மான நகல் கேட்டு வாங்கிக்கொண்டார்.
“ஆகஸ்ட் பதினஞ்சுக்கு மறுபடி கூட்டம் உண்டுதானே?”
முகத்தில் தோல்வி இல்லை.
எழுந்துபோகாதவனுக்கே மேசை என்று தெரிந்த ஆள்.

நாற்காலிகளை அடுக்கும்போது
சூசை மிக்கேல் அருகில் வந்தார்.
வருகைப் பதிவில் தன் பேர் விட்டுப்போச்சு என்றார்.
மைப்பெட்டியைத் திறந்து நீட்டினேன்.
பெருவிரலை உருட்டி வைத்தார்.
துடைக்க ஒரு துணியும் அகப்படவில்லை.
மை படாமல் தூக்கிப் பிடித்த கை
கொஞ்ச நேரம் அப்படியே நின்றது
என் முகத்துக்கு நேராக.

அதை நான் எந்தப் பக்கத்திலும் சேர்க்கவில்லை.